படம் கட்டிலுக்கு வரட்டும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவப் படங்களின் பயன்பாடு. எக்ஸ்ரே, ஸ்கான், சீ.ரீ. என்று நாம் சொல்லும் படங்களைப் பற்றியது. "இது வைத்தியர்மார் தங்களுக்குள் பேசவேண்டிய விடயம், எங்களை ஏன் கூப்பிட்டீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்த ஐ.சி.யு. வாசலிலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். உள்ளேயிருந்து வைத்தியர் வெளியே வந்ததும் உறவினர் கேட்கும் முதற் கேள்வி என்ன? "ஸ்கான் எடுத்தாச்சோ, டொக்டர்?" இரண்டாவது கேள்வி? "ஏன் இன்னும் எடுக்கேல்லை?" மூன்றாவது கேள்வி சற்றுத் தயங்கி, தாழ்ந்த குரலில் வரும்: "வெளியிலை காசு குடுத்தெண்டாலும் எடுக்கலாமோ?"

இந்த மூன்று கேள்விகளுக்குமான பதில்தான் இன்றைய என் பேச்சு. வேறு எதையும் சொல்ல நான் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் மீது எனக்குக் குறையில்லை. உள்ளே கிடப்பது அவர்களுடைய பிள்ளை, அவர்களுடைய தகப்பன். படம் எடுத்தால் நோய் பிடிபடும், நோய் பிடிபட்டால் ஆள் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் எழுந்து நடந்து போய்ப் படம் எடுத்துவரும் நோயாளி அல்லர். அவருக்காக இயந்திரம் மூச்சு விடுகிறது. கழுத்து நாளம் வழியே மருந்து துளித் துளியாக ஏறுகிறது. அந்த மருந்து இரண்டு நிமிடம் நின்றாலே இரத்த அழுத்தம் சரிந்துவிடும். இவரைச் சீ.ரீ. அறைக்குக் கொண்டுபோவது என்றால் என்ன அர்த்தம்? பெரிய வென்ரிலேற்றரைக் கழற்றிச் சிறியதைப் பூட்டவேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் வேண்டும். வழியில் இதயத் துடிப்பைக் காட்டும் திரை வேண்டும். கூடவே ஒரு வைத்தியர், ஒரு தாதி, தள்ளுவதற்கு ஆட்கள் வேண்டும். போய்ச் சேர்ந்ததும் இத்தனை குழாய்களோடும் வயர்களோடும் ஆளை ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டும். அந்த மாற்றத்தில் தொண்டைக் குழாய் நழுவினால்?

ஆகவே என் கட்சி இதுதான். முடிந்த அளவுக்குப் படம் நோயாளியிடம் வரவேண்டும். நோயாளி படத்திடம் போவது, போகாமல் முடியாது என்ற இடத்தில் மட்டும் இருக்கவேண்டும்.

கொஞ்சம் பின்னே போவோம். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த கதை இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். 1847இல் வந்தவர், 60க்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார், மனித உடலின் உள்ளமைப்பைத் தமிழில் நூலாக்கினார். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவருடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். கிறீன் இறந்தது 1884. ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டது 1895 நவம்பரில், பதினொரு ஆண்டுகள் பிந்தி. அடுத்த மாதமே அவர் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன.

அதிதீவிர சிகிச்சை என்ற ஏற்பாடோ இன்னும் இளையது. 1952இல் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த பிள்ளைகளுக்குத் தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்கலாம் என்றார் பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர். யார் அமுக்குவது? சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக அமுக்கினார்கள். பெரும்பாலும் இறந்துகொண்டிருந்த நோயாளர்களில் பெரும்பாலானோர் பிழைக்கத் தொடங்கினார்கள். மருத்துவ மாணவர்களே, உங்கள் வயதுப் பிள்ளைகளின் கைகளில்தான் இந்தத் துறை பிறந்தது.

நம்முடைய யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு வருவோம். அரசாங்க அதிபர் டைக் காலத்தில், 1850இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அதன் எக்ஸ்ரே பகுதியை நாம் வெறும் படம் எடுக்கும் இடமாக நினைக்கமுடியாது. 1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படை வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டபோது ஊழியரும் நோயாளரும் உயிருக்கு ஒதுங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்த இரண்டு நாட்களில் அங்கே அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை, தாதியரையும் எஞ்சியவர்களையும் காப்பாற்ற முன்வந்த குழந்தைநல நிபுணர் சிவபாதசுந்தரம் அவர்களும் சுடப்பட்டார். பிறகு 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. செஞ்சிலுவைச் சங்கம் வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் ஏற்படுத்தியது. எக்ஸ்ரே குழாய் மின்சாரம் இல்லாமல் இயங்காது, ஜெனரேற்றர் எண்ணெய் இல்லாமல் ஓடாது, எண்ணெய் தடைப்பட்டியலில் இருந்தது. ஒரு படம் தேவையா, தேவையில்லையா என்று நூறு தடவை யோசிக்கும் பழக்கம் நம் வைத்தியர்களுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வரவில்லை.

யுத்தம் முடிந்தபின் ஜப்பான் அரசின் உதவியோடு புதிய கட்டடம் எழுந்தது. சத்திரசிகிச்சைக் கூடங்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் வந்தன. நல்லது. ஆனால் நூறு தடவை யோசிக்கும் அந்தப் பழைய பழக்கத்தை விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பேன்.

ஐ.சி.யு.வில் மிக அதிகமாக எடுக்கப்படும் படம் எது? சீ.ரீ.யா? எம்.ஆர்.ஐ.யா? இல்லை. சில்லுப் பூட்டி உருட்டிவரும் இயந்திரத்தால் கட்டிலிலேயே எடுக்கப்படும் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே. அது எதற்கு? பாதி வேளை நோயைக் கண்டுபிடிக்க அன்று, நாங்கள் வைத்த குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இறங்கி வலம், இடம் என்று இரண்டாகப் பிரிகிறது. நாங்கள் வைக்கும் குழாயின் நுனி அந்தப் பிரிவுக்கு மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் மேலே நிற்கவேண்டும். கொஞ்சம் கீழே போனால்? வலப்பக்கக் கிளை அகலமானது, நேரானது. குழாய் அதற்குள் போய்விடும். இடது நுரையீரலுக்குக் காற்றுப் போகாது, அது சுருங்கிவிடும். இரண்டு விரற்கடை தூரம், ஒரு நுரையீரல்! மூக்கு வழியே உணவுக்கு வைக்கும் குழாயும் அப்படித்தான். அது இரைப்பைக்குப் போகாமல் சுவாசப்பைக்குப் போய், தெரியாமல் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு எக்ஸ்ரே அந்த விபத்தைத் தடுக்கிறது.

ஆனால் கட்டிலில் எடுக்கும் படத்துக்குக் குறைகள் உண்டு. படுத்தபடி, முன்பக்கமிருந்து எடுப்பதால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நெஞ்சறையில் சேர்ந்த நீர் முதுகுப்பக்கம் பரவிக் கிடப்பதால் கோடு கட்டித் தெரியாமல் வெறும் மங்கலாகத் தெரியும். இதைத் தெரியாமல் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்கிறேன். மகன் அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து ரொறன்ரோவிலுள்ள மச்சானுக்கு அனுப்புவார். மச்சான் அதை இலண்டனிலுள்ள ஒரு டொக்டருக்கு அனுப்புவார். அவர் தோல் நோய் நிபுணராக இருப்பார். நடுச்சாமத்தில் பதில் வரும்: "ஹார்ட் வீங்கியிருக்காம்!" விடிவதற்குள் கோண்டாவில் முழுக்க அந்தச் செய்தி பரவிவிடும். சிரிக்கிறீர்கள். ஆனால் அடுத்த நாள் காலை அந்தக் குடும்பத்தின் பயத்தைத் தணிக்க ஒரு வைத்தியருக்கு அரை மணி நேரம் போகிறது. உள்ளே எட்டுப் பேர் மூச்சுக்குப் போராடும்போது அந்த அரை மணி நேரம் சிறிதல்ல.

இன்னொரு கேள்வி. ஐ.சி.யு. நோயாளிக்குத் தினமும் காலையில் ஒரு எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா? நெடுங்காலம் உலகம் முழுவதும் அப்படித்தான் எடுத்தார்கள். பிரான்சில் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 849 நோயாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. வழக்கத்துக்காகத் தினமும் எடுப்பதை விட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுத்தார்கள். படங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்று குறைந்தது. நோயாளர்களுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எக்ஸ்ரே பிலிம் தட்டுப்பாடு வந்தபோது நாம் கட்டாயத்தால் செய்ததை, பணக்கார நாடு ஒன்று யோசித்துச் செய்து பார்த்திருக்கிறது! "இண்டைக்கு எக்ஸ்ரே எடுக்கேல்லையோ?" என்று அடுத்தமுறை கேட்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். எடுக்கவில்லை என்றால் கவனிக்கவில்லை என்று பொருளாகாது.

இனி, நான் மிகவும் ஆசையோடு பேச வந்த இடத்துக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் அதே ஸ்கான்தான். கதிர்வீச்சு இல்லை. கையில் பிடிக்கும் ஒரு முனை, ஒரு சிறு திரை, கொஞ்சம் ஜெல். கட்டிலருகே கொண்டுவரலாம். ஒரு நாளில் பத்துத் தடவை பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்? ஐப்பசி, கார்த்திகை மழை பெய்கிறது. தொட்டி, வாளி, சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றிலும் நீர் நிற்கிறது. மார்கழி, தையில் டெங்கு விடுதி நிரம்புகிறது. 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அதில் இறந்தவர்களில் பலர் காய்ச்சலாலேயே இறக்கவில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இறந்தார்கள். இதை ஒவ்வொரு தாயும் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளைக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் விடுகிறது. உடம்பு குளிர்கிறது. "அப்பாடா, சுகமாயிட்டுது" என்கிறோம். அதே நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நெஞ்சறையில் சேரும், வயிற்றில் சேரும், பித்தப்பையின் சுவர் தடிக்கும். குழாய்க்குள் இரத்தம் கெட்டியாகிக் குறையும்.

இப்போது வைத்தியர் என்ன செய்யவேண்டும்? சேலைன் ஏற்றவேண்டும். எவ்வளவு? அங்கேதான் கத்திமுனை. குறைவாகக் கொடுத்தால் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும். கூடக் கொடுத்தால், கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் திரும்பி வந்து நுரையீரலை நிரப்பும். டெங்கில் பிள்ளையைக் கொல்வது சிலவேளை நோய், சிலவேளை அளவு தவறிய நீர். கசிவு எப்போது தொடங்கியது? இன்னும் போகிறதா? நின்றுவிட்டதா? வெளியே நின்று இதைச் சொல்லமுடியாது. இரத்தத்தின் தடிப்பைப் பார்க்கவேண்டும், சிறுநீரை அளக்கவேண்டும், நாடி அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். அதோடு சேர்ந்து அந்தச் சிறிய ஸ்கான் முனையை வலப்பக்க விலாவுக்குக் கீழே வைத்தால், நாலைந்து மணித்தியாலத்துக்கு முன் இல்லாத ஒரு மெல்லிய கருங்கோடு தெரியும். அதுதான் கசிந்த நீர். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே தெரியும். விடியும்வரை காத்திருந்து பெரிய ஸ்கான் அறைக்கு அனுப்பினால் அந்தக் கோட்டின் பயன் போய்விடும். இரவு இரண்டு மணிக்கு, அந்தக் கட்டிலில், அந்த விடுதி வைத்தியரே பார்க்கவேண்டும்.

நுரையீரலையும் ஸ்கான் பண்ணலாமா? முடியாது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஒலியலை காற்றைக் கடக்காது, திரும்பிவிடும். பிரான்சில் டானியல் லிக்டன்ஸ்டைன் என்ற தீவிர சிகிச்சை வைத்தியர் அதையே வேறுவிதமாகப் பார்த்தார். திரும்பிவரும் ஒலி, திரையில் போடும் கோலங்களே நோயைச் சொல்கின்றன என்றார். நுரையீரல் மூச்சோடு சறுக்குகிறதா? சறுக்கவில்லையென்றால் நெஞ்சறையில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். மேலிருந்து கீழே ஒளிக்கோடுகள் நிறைய இறங்குகின்றனவா? நுரையீரல் ஈரமாகியிருக்கிறது. கடும் மூச்சுத்திணறலோடு வந்த 260 பேரை இந்த முறையால் பரிசோதித்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேரில் காரணத்தைச் சரியாகச் சொன்னதாக அவர் 2008இல் எழுதினார். பார்க்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

ஆனால், சபையோரே, படத்தின்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் நானே சொல்லவேண்டும். 2024 நவம்பர் இறுதியில் புயல்மழை வெள்ளம் வந்தது. டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மர்மக் காய்ச்சல் என்று ஊர் நடுங்கியது. ஆய்வுகூடப் பரிசோதனை எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுத்தியது. எலிக்காய்ச்சல் முற்றினால் நுரையீரலுக்குள் இரத்தம் கசியும். எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்? வெள்ளைத் திட்டுகளாக. நிமோனியா எப்படித் தெரியும்? வெள்ளைத் திட்டுகளாக. டெங்கில் நீர் கூடிப்போனால்? அதுவும் வெள்ளை. படத்துக்கு இரத்தமும் சீழும் நீரும் ஒன்றுதான். அந்த வெள்ளைக்கு அர்த்தம் எங்கே இருக்கிறது? "ஐயா, போன கிழமை நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?" என்ற கேள்வியில் இருக்கிறது. "வெள்ளம் நிண்ட வயலுக்குள்ளை, தம்பி, வெறுங்காலோடை" என்ற பதிலில் இருக்கிறது. அந்த ஐயாவால் பேசமுடியாவிட்டால் அதைச் சொல்லவேண்டியது யார்? வாசலில் நிற்கும் நீங்கள்.

சரி, அப்படியானால் சீ.ரீ. எதற்கு? தலைக்கு. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் போனவருக்கு, சீவல் தொழிலில் பனையிலிருந்து விழுந்தவருக்கு, புடையன் பாம்பு கடித்து இரத்தம் உறையாமல் போய் நினைவு தடுமாறுபவருக்கு, திடீரென்று ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கு. மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று சொல்ல சீ.ரீ.யைப்போல் வேகமான சாட்சி வேறில்லை. இந்த இயந்திரத்தைச் செய்தவர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட். அவர் வேலை செய்த ஈ.எம்.ஐ. கம்பனி, நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்த நாய்ப்படம் போட்ட இசைத்தட்டுகளைச் செய்த அதே கம்பனி. 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி முதல் நோயாளியின் தலை படம்பிடிக்கப்பட்டது. 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நோயாளி படத்திடம் போகத்தான் வேண்டும். அதனால் இங்கே நேரம்தான் எதிரி. பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். அதற்கு முன் சீ.ரீ. எடுத்து இரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். கசிவுள்ளவருக்கு அந்த ஊசி நஞ்சு. நெடுந்தீவில் ஒருவருக்கு விடியற்காலை கை விழுகிறது என்று வையுங்கள். படகு கிடைக்கவேண்டும். குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். 2018இலிருந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை வடக்கிலும் ஓடுகிறது, அது பெரும் துணை. ஆனாலும் அம்புலன்ஸ் கடலில் ஓடாது. "கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாயிடும்" என்று வீட்டில் செலவிடும் இரண்டு மணித்தியாலத்தை எந்த இயந்திரமும் திருப்பித் தராது.

கதிர்வீச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து சில நாட்களில் நாம் பெறும் அளவுக்கு மேல் இல்லை. நெஞ்சுக்கு எடுக்கும் ஒரு சீ.ரீ. இரண்டு மூன்று ஆண்டுகளின் அளவுக்கு வரும். உயிர் போகும் வேளையில் அதைப் பார்த்துப் பின்வாங்கக்கூடாது. காரணமில்லாமல் எடுக்கவும் கூடாது.

இனிப் புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வார்த்தை. நீங்கள் இந்த மண்ணின் வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. ஆனால் கொடுக்கும் முறையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. இயந்திரம் வருகிறது. நாடா வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம், பெயர்ப்பலகை பதிக்கிறோம். இரண்டாம் வருடம் ஸ்கான் முனை பழுதாகிறது. உதிரிப்பாகம் இல்லை, திருத்த ஆளில்லை. துணி போர்த்தி மூலையில் தள்ளுகிறோம். இது யாருடைய தனித் தவறும் அல்ல, ஆனால் தொடர்ந்து நடக்கிறது. இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கை ஐந்து வருடப் பராமரிப்புக்கு ஒதுக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் அதைப் பாவிக்கப்போகும் வைத்தியரிடமும் தாதியிடமும் கேளுங்கள். பெரிய இயந்திரம் ஒன்றின் காசில் பல சிறிய அல்ட்ராசவுண்ட் இயந்திரங்கள் வரும். பெயர்ப்பலகை சிறிதாகும், பரவாயில்லை.

அதைவிட மலிவானதும் அரிதானதும் ஒன்று இருக்கிறது. பயிற்சி. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் இரவுக் கடமையிலிருக்கும் இளம் வைத்தியருக்கு அந்த மெல்லிய கருங்கோட்டைக் காணத் தெரிந்தால், நடுச்சாமத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஓடும் அம்புலன்ஸ்களில் எத்தனை குறையும்? ஓடத்தான் வேண்டுமென்றாலும் எத்தனை பிள்ளைகள் நேரத்தோடு ஓடும்? மூத்த நிபுணர்கள் இங்கே இருக்கிறார்கள். கற்க ஆசையுள்ள மாணவர்கள் இதே மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறார்கள். இதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. ஐ.சி.யு.வுக்கு வரும்போது நோயாளியின் பழைய எக்ஸ்ரேகளையும் ஸ்கான் அறிக்கைகளையும் கொண்டு வாருங்கள். இன்றைய படத்திலுள்ள தழும்பு பத்து வருடப் பழசு என்று தெரிந்தால் ஒரு தேவையற்ற சீ.ரீ. மிச்சம். குடிக்கும் மருந்துகளின் உறைகளையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். "ஸ்கான் எடுத்தாச்சோ?" என்று கேட்பதை நிறுத்தவேண்டாம். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "டொக்டர், அந்தப் படத்தாலை வைத்தியத்திலை என்ன மாறப்போகுது?" நல்ல வைத்தியர் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். மாணவர்களே, அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன், குடாநாட்டின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் ஒரு கட்டிலருகு ஸ்கான் இயந்திரமும் அதை இரவில் பாவிக்கத் தெரிந்த இரண்டு வைத்தியர்களும் இருக்கவேண்டும். இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் மனது வைத்தால் முடியும். பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வந்து பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.